இருநூத்திப் பதினாலாவது வரி

ஜன்னலச் சாத்தட்டுமா அண்ணாச்சி? வேண்டாமா? சரி, காத்து வரட்டும். திருச்செந்தூர்தானே போறிய? நானும் அங்கனதான். என்ன சோலி பாக்கேன்னு கேட்டியள்லா, வெப்சைட் எழுதுத சோலி. கோவில்பட்டில. சிரிக்காதிய. கோவில்பட்டின்னாலே கடலமிட்டாயும் தீப்பெட்டியும்தான்னு நெனச்சுக்கிடுதாங்க எல்லாரும். அங்கன உக்காந்துக்கிட்டு நான் ஒத்த ஆளா எழுதுன சைட்டுலதான் இந்தச் சுத்துப்பட்டுல பாதிக் கல்யாணம் நடந்திருக்கு. ஒங்க சொந்தத்துலயே யாருக்காச்சும் நடந்திருக்கும். விசாரிச்சுப் பாருங்க.

ஒண்ணு மொதல்லயே சொல்லிருதேன். என் புரோகிராம்ல தப்புக் கெடையாது. இத நான் எந்தச் சபைல வேணும்னாலும் எந்திரிச்சு நின்னு சொல்லுவேன். ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுதாங்க, அதுக்காகச் சொல்லுதேன்.

சண்முகவடிவு அக்கான்னு ஒரு அம்மா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல மாடில, வடிவு திருமணத் தகவல் மையம். நான் அங்கன வேலைக்குச் சேந்த காலத்துல ஜாதகத்த எல்லாம் பழைய சேலையில மூட்டை கட்டி பீரோவுல அடுக்கி வெச்சிருந்தா. பொண்ணு வீடு வந்தா ஒரு மூட்டை, மாப்பிள்ள வீடு வந்தா ஒரு மூட்டை. அத எல்லாம் நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அக்கா ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டா. "ஏ மயிலு, நட்சத்திரம் பொருந்தலன்னா பரிகாரம் இருக்கு. தோசம்னா அதுக்கும் பரிகாரம் இருக்கு. குலதெய்வம் ஒண்ணா இருந்தா ஒரு பரிகாரமும் கெடையாது. அத மட்டும் கவனமாப் பாத்துக்கோ."

ஒங்களுக்கு நான் சொல்லணுமா? ஒரே சாமியக் கும்பிட்டா பங்காளி. அண்ணன் தங்கச்சி முறை. கட்ட முடியுமா? அதனால ஒரு வரி எழுதுனேன். பொண்ணோட குலதெய்வமும் பையனோட குலதெய்வமும் ஒண்ணா இருந்தா காட்டாத, தாண்டிப் போ. அம்புட்டுத்தான். புரோகிராம்ல அது இருநூத்திப் பதினாலாவது வரி. எத்தன வருசமா ஓடுது! ஒரு பங்காளிக் கல்யாணம் நடந்திருக்கா? ஒண்ணு காட்டுங்க பாப்போம். நடக்கல.

இப்ப இந்த சைட்டு நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள இருக்காது, பாத்துக்கிடுங்க. சர்வர்னு ஒண்ணு, எங்கயோ வெளியூர்ல வாடகைக்கு. வாடக வீடு மாதிரி. பழைய சர்வர்க்காரன், கடைய மூடுதேன், காலி பண்ணுங்கன்னுட்டான். சரின்னு புதுசா ஒருத்தன்கிட்ட எடுத்து, சாமான் எல்லாம் ஒண்ணு விடாம அப்படியே தூக்கி வெச்சேன். ஒரு எழுத்து மாத்தல. காலைல தொறந்து பாக்கேன், சைட்டு முகப்புல இருக்க பிள்ளையார் படத்துக்கு மேல, அவரு தலைக்கு மேல அண்ணாச்சி, இங்கிலீசுல வரி வரியா நிக்கி. நோட்டீஸ்: அன்டிஃபைன்ட் இண்டெக்ஸ், குலதெய்வம், இன்ன பைல்ல, இருநூத்திப் பதினாலாவது வரி. ஒரு ஆளு விவரத்தத் தொறந்தா அதே. அடுத்த ஆளத் தொறந்தா இல்ல. அதுக்கடுத்த ஆளத் தொறந்தா திரும்ப அதே.

இது எரர் இல்ல. அத மொதல்ல புரிஞ்சுக்கிடுங்க, ஏன்னா அக்காவுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுட்டு. எரர்னா சைட்டு நின்னு போவும். இது நோட்டீஸ். சைட்டு பாட்டுக்கு ஓடும், ஓடுதப்ப ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடும். என்ன சொல்லுது? "நீ குலதெய்வம்னு ஒரு கட்டத்தப் பாக்கச் சொன்ன. இந்த ஆளு விவரத்துல அப்படி ஒரு கட்டமே இல்ல. நான் காலின்னு வெச்சுக்கிட்டுப் போறேன்." இம்புட்டுத்தான். குலதெய்வம் தெரியாதவங்க இருக்காங்கல்லா, அவங்க 'தெரியாது'ன்னு ஒரு டிக் அடிப்பாங்க. அடிச்சா அந்தக் கட்டமே பதிவாகாது. நான்தான் அப்படி வெச்சேன். தெரியாதுன்னு எழுதி வெச்சா நாலு பேரு பாத்து ஒரு மாதிரி பேசுவாங்கன்னு ஒரு மரியாதைக்காக வெச்சேன். பழைய சர்வர் இத எல்லாம் தனக்குள்ள வெச்சுக்கிடும், வெளிய சொல்லாது. நாகரிகம் தெரிஞ்ச சர்வர். இந்தப் புதுசு இருக்கு பாருங்க, வந்த அன்னைக்கே வாயத் தொறந்துட்டு.

அன்னைக்கு ஆபீஸ்ல போன் வைக்க நேரமில்ல. விளாத்திகுளத்துல இருந்து ஒருத்தர். "என்னவே, எம்பிள்ளைக்கு வந்த வரனுக்கு மேல குலதெய்வம் அன்டிஃபைன்ட்னு எழுதி வெச்சிருக்கிய? எங்க சாமிக்குப் பேரில்லன்னு சொல்லுதியளோ?" நான் சொல்லுதேன், "ஐயா, அது ஒங்க சாமிய இல்ல, எதிர்ப் பக்கத்து சாமிய." அவரு, "அப்ப சாமியில்லாத வீட்டுக்கா எம்பிள்ளையக் கேட்டிய?" முடிஞ்சுதா? எதுல போய் முட்டுதுன்னு பாருங்க. அக்கா ஒரு பக்கம், "பிள்ளையார் தலைக்கு மேல என்ன கண்றாவிய எழுதி வெச்சிருக்க, அபசகுனம் மாதிரி"ங்கா. இந்த வரி மொதல்ல போயி நிக்கிறதனால உள்ள நுழையுத லாகினும் ஆவ மாட்டேங்கு.

சர்வர்க்காரனுக்குப் போன் போட்டேன். அங்கன ஒரு ஆளு, ரொம்பப் பதவிசா, "சார், சர்வர்ல எந்தப் பிரச்சனையும் இல்ல. ஒங்க புரோகிராம்ல ஏற்கெனவே இருந்தது இப்பத் தெரியுது. அந்தக் கட்டம் இருக்கான்னு பாத்துட்டுப் பொறவு எடுக்கணும் சார்"ங்கான். எனக்கு வந்துச்சே கோவம்! இத்தன வருசமா இல்லாதது ஒன் வீட்டுக்கு வந்ததும் எப்படிவே வரும்? கேட்டேன். "இருந்திச்சு சார், காட்டல"ங்கான். வெச்சுட்டேன் போன.

பொறவு என்ன, நோட்டீஸ் எதையும் வெளிய காட்டாதன்னு செட்டிங்ல ஒரு வார்த்த. முடிஞ்சுது. பிள்ளையார் தலைக்கு மேல சுத்தம். லாகின் ஓடுது, போன் நின்னுட்டு. அக்கா ஆள விட்டு டீயும் வடையும் வாங்கித் தந்தா. எல்லாருக்கும் நிம்மதி.

ஒருத்திக்குத் தவிர.

சுடர்க்கொடின்னு ஒரு புள்ள. ஆபீஸ்ல போன் எடுக்கது, வாரவங்கள உக்கார வெச்சுப் பேசுதது எல்லாம் அவதான். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ஹோம்ல வளந்தவ, தாய் தகப்பன் யாருன்னு தெரியாது. பேரு அந்த ஹோம் நடத்துனவரு வெச்சது. வடிவக்காவுக்கு அவ இல்லாம ஒரு நாள் ஓடாது. பொண்ணு வீட்டுக்காரங்க அழுதுக்கிட்டு வருவாங்க, சிரிச்சுக்கிட்டுப் போவாங்க. அப்படிப் பேசுவா. எனக்கு அவளப் புடிக்கும். யாருக்குத்தான் புடிக்காது? நான் எழுதுத புரோகிராம எல்லாம் மொதல்ல அவகிட்டதான் காட்டுவேன். நல்லா இருக்குன்னு சும்மா சொல்ல மாட்டா. நல்லா இருந்தாதான் சொல்லுவா.

அவ என் மேசைக்கு வந்து நின்னா. "சார், அந்த வரி போயிட்டா, இல்ல மறைச்சு வெச்சிருக்கியளா?"

"ரெண்டும் ஒண்ணுதான்"னேன்.

"அது எப்படி ஒண்ணாவும்? காலின்னு வெச்சுக்கிட்டுப் போறேன்னு சொல்லிச்சுல்லா. போயி என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யாது. சவத்த விடு."

"எனக்கும் அந்தக் கட்டம் காலிதான் சார். அதனால கேக்கேன்."

அவளும் சைட்டுல வரனுக்குப் பதிஞ்சு வெச்சிருந்தா அண்ணாச்சி. நானும் பதிஞ்சு வெச்சிருந்தேன். எனக்கும் அந்தக் கட்டம் காலிதான். எங்க அப்பா கூடப் பொறந்தவங்களோட சண்ட போட்டுட்டு ஊரவிட்டு வந்தவரு. எந்த ஊரு, எந்தச் சாமின்னு வாயவே தொறக்காமப் போய்ச் சேந்துட்டாரு. எனக்கு இப்ப நாப்பதாவப் போவுது. வரன் வரும், வரலன்னு இல்ல. பொண்ணப் பெத்தவன் மொதக் கேள்வியே குலதெய்வம் எதும்பான். தெரியாதுன்னா, காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்பிருவான். அது அவங்க கொழுப்பு. எனக்கென்ன கொறச்சல், சொல்லுங்க. எனக்குன்னு ஒரு வீடு, கைல ஒரு தொழிலு.

அவ அப்படிக் கேட்டதும் எனக்கு ரோசமாயிட்டு. என் புரோகிராமச் சந்தேகப்படுதாளே! "உக்காரு, காட்டுதேன்"னு அவ விவரத்தப் போட்டு ஓட விட்டேன். வரிசையா வரன் வருது. "பாத்தியா? காலின்னா என்ன, ஒனக்கு இத்தன பேரு வந்திருக்காங்க." அவ ஒண்ணு ஒண்ணாப் படிச்சா. மேல போனா, கீழ வந்தா, திரும்ப மேல போனா. பொறவு மெதுவா, "ஏன் சார், இதுல ஒங்களக் காணும்?"ங்கா.

நானும் பாத்தேன். இல்லதான். வயசு பொருந்துது, நட்சத்திரம் பொருந்துது, ஊரும் ஒரே ஊரு. ஆனா இல்ல. என் விவரத்தப் போட்டு ஓட விட்டேன். அதுல அவ இல்ல. அவ மட்டுமா? குலதெய்வம் தெரியாத ஒரு பொண்ணு கூடக் கெடையாது அதுல. அப்பத்தான் வெளங்கிச்சு. இருநூத்திப் பதினாலு. அவளுக்குக் காலி. எனக்குக் காலி. காலியும் காலியும் ஒண்ணுதானே? ஒண்ணா இருந்தா தாண்டிப் போன்னு நான் சொல்லிருக்கேன். அது தாண்டிப் போயிருக்கு. சைட்டு தொறந்த நாள்ல இருந்து, சாமி தெரியாத அத்தன பேரையும் அது ஒரே குடும்பமாக்கி வெச்சிருக்கு. ஒருத்தருக்கு ஒருத்தரக் காட்டவே இல்ல.

இதுல தப்பு எங்கன இருக்கு? நீங்களே சொல்லுங்க. இதுவும் அதுவும் ஒண்ணா இல்லையான்னு கேட்டேன், ஒண்ணுன்னு சொல்லிச்சு. கணக்குப்படி சரி. முறைப்படியும் சரி. நான் யோசிக்காமச் சொல்லல. ரெண்டு பேருக்குமே சாமி தெரியலன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே சாமியா இருக்கவும் வாய்ப்பு இருக்குல்லா? எங்க அப்பா எந்த ஊருன்னு தெரியாது, அவ யாரு பெத்த புள்ளன்னு தெரியாது. யாரு கண்டா? அதுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? இதத்தான் அவகிட்ட எடுத்துச் சொன்னேன். நல்லா விளக்கமாவே சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா.

பொறவு கேட்டா. "அப்ப நீங்களும் நானும் பங்காளியா சார்?"

சிரிச்சுக்கிட்டுதான் கேட்டா. ஆனா கேட்டுட்டு அங்கிட்டுப் போவல. நின்னா. அக்காவும் கணக்கு எழுதுதத நிப்பாட்டிட்டு நிமுந்து பாத்தா.

நான் என்ன சொல்ல முடியும்? இவ்வளவு நேரம் என் புரோகிராம் சரின்னு சொல்லிட்டு, ஒரு நிமிசத்துல மாத்திப் பேச முடியுமா? மாத்திப் பேசுனா, அந்த சர்வர்க்காரன் சொன்னது சரின்னு ஆயிராது? "புரோகிராம்படி, ஆமா"ன்னேன்.

"சரி சார்"ன்னா. போயி அவ எடத்துல உக்காந்து போன எடுத்துட்டா.

நான் மிச்சம் இருந்த வடைய எடுத்துத் தின்னேன். ஆறிப் போயிருந்துச்சு.

அடுத்த வாரம் ஆறுமுகநேரி மாப்பிள்ளை ஒருத்தருக்குச் சம்மதம் சொல்லிட்டா. உப்பளத்துல சூப்பர்வைசர். மொத சம்சாரம் தவறிட்டா, பிள்ள கெடையாது. நல்ல மனுசன், நான் விசாரிச்சேன். சாமி எதுவா இருந்தா என்ன, இனிமே எங்க சாமிதான் அந்தப் புள்ளைக்கும் சாமின்னு அவரு அம்மா சொல்லிச்சாம். எத்தன மாசமா அந்த வரன் அவ லிஸ்ட்டுல கெடந்துச்சு, பாக்கலாம் பாக்கலாம்னு தள்ளிக்கிட்டே இருந்தா. ஏன் தள்ளுனான்னு எனக்குத் தெரியல. பொம்பளப்பிள்ளைங்க மனசு யாருக்குத் தெரியும். ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க. அந்த மாப்பிள்ளைய அவளுக்குக் காட்டினது யாரு? என் புரோகிராம். இத யாரும் சொல்ல மாட்டேங்காங்க.

அக்கா என்னப் புடிச்சு ஏசு ஏசுன்னு ஏசிட்டா. "ஏல, நீயெல்லாம் மனுசனா? அந்தப் புள்ள ஒன்னப் பாத்துக் கேட்டா, நீ கம்ப்யூட்டரப் பாத்துப் பதில் சொல்லிருக்க. கோட்டிப்பயலே." அக்காவுக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது. என்ன பதில் சொல்லணும்னு அவ எதிர்பாத்தா? ஆமாங்கதுக்குப் பதிலா இல்லன்னு சொல்லணுமா? இல்லன்னு சொல்லிருந்தா என்ன ஆயிருக்கும்? என்ன ஆயிருக்கும்னு நானும் யோசிச்சுப் பாத்தேன். சும்மா ஒரு இதுக்கு. என்னவோ ஆயிருக்கும். விடுங்க.

அந்த வரிய இப்ப மாத்திட்டேன். தப்புன்னு மாத்தல. அத நல்லாக் கேட்டுக்கிடுங்க. குலதெய்வம் தெரியாதவங்க சந்தாக் கட்டிட்டுச் சும்மா கெடக்காங்களேன்னு, ஒரு வசதிக்கு மாத்தினேன். மொதல்ல கட்டம் இருக்கான்னு பாரு. ரெண்டு பேருக்கும் இருந்தா மட்டும் ஒண்ணான்னு பாரு. இல்லன்னா காட்டு. மாத்தி முடிச்சா ஓட்டிப் பாக்கணும்லா. யாரு பேரையாச்சும் போடணும்னு என் பேரப் போட்டேன். மொதல்ல வந்து நின்னது அவதான். பத்துல எட்டுப் பொருத்தம். போட்டோல, ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால நிக்கா. அந்த போட்டோவ எடுத்தவனே நான்தான். நிச்சயமான வரன சைட்ட விட்டு எடுக்கணும்ங்கது ரூல். நான்தான் எடுக்கணும். வேல நெருக்கடி, இன்னும் எடுக்கல.

மாத்தினதுக்குப் பொறவு சாமி தெரியாத ரெண்டு ஜோடிக்குப் பேச்சு நடக்கு. அக்கா சொன்னா. நல்லதுதானே. எனக்கும் வரிசையா வருது. பாக்கணும்.

எங்க போறேன்னு கேட்டியளே. அவ கல்யாணத்துக்குத்தான். நாளைக்குக் காலைல முகூர்த்தம், கோயில் பக்கத்துல மண்டபம். அக்கா நேத்தே வேன்ல போயிட்டா. நான் பஸ்ல வாரேன்னுட்டேன்.

சும்மா சாப்பிட்டுட்டு மொய் எழுதிட்டு வாரதா இருந்தா போயிருக்கவே மாட்டேன், உள்ளதச் சொல்லுதேன். வேல கெடக்கு. ஆனா பத்திரிக்க வைக்க அவ தனியா என் மேசைக்கு வந்தா. தட்டுல பழம் வெத்தல எல்லாம் வெச்சு, முறையா. "சார், எனக்குன்னு அண்ணன் தம்பி யாரும் இல்ல. மாப்பிள்ளைய வாசல்ல மால போட்டுக் கூட்டிட்டு வாரதுக்கும், மோதிரம் போடுததுக்கும், மணமேடையில ஓமத்துல இட என் கைல பொரி போடுததுக்கும் ஆள் வேணும். அவுக வீட்டுல கேக்காங்க, பொண்ணுக்கு அண்ணன் முறைக்கு யாரு நிப்பான்னு. நான் ஒங்க பேரச் சொல்லிட்டேன்."

நான் கீபோர்ட ஒதுக்கி மேசைல தட்டு வைக்க எடம் பண்ணேன்.

"புரோகிராம்படி சரிதானே சார்?"ன்னா.

கேலியா கேக்கல அண்ணாச்சி. கேலியா கேட்டிருந்தா நானும் ஒரு வார்த்த திருப்பிச் சொல்லிருப்பேன். கண்ணு கலங்கி, நெசமாவே கேட்டா. சொன்ன வாய் என் வாய். வாங்கிட்டேன் தட்ட.

அதனாலதான் போறேன். நான் சொன்ன சொல்லு மாறாத ஆளு. வேட்டி சட்ட எடுத்தாச்சு, மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுத்தாச்சு, இந்தா பைக்குள்ள இருக்கு. வாசல்ல மால போடுதது பிரச்சனை இல்ல, பாத்திருக்கேன். இந்தப் பொரிதான். கூடப் பொறந்தவ யாரும் எனக்கு இல்ல, நான் போட்டதே இல்ல. நீங்க தங்கச்சி கல்யாணத்துல போட்டிருப்பியள்ல? அவ கைக்குக் கீழ நம்ம கையக் குடுக்கணுமா, இல்ல மேல இருந்தே போடணுமா? மாப்பிள்ளையும் அவ கையப் புடிச்சுக்கிட்டு நிப்பாராமே, அப்ப நான் எந்தப் பக்கம் நிக்கணும்? வெவரமாச் சொல்லுங்க அண்ணாச்சி, ஊரு வர நேரம் இருக்கு. நாளைக்கு அவ முன்னால நான் ஒரு தப்பும் செஞ்சிரக் கூடாது.